மாதம் ஓர் இசைத்தொகுப்பு: ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் இசைச் சிறப்பிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். கட்டுரைகள் அக்கறையுடன் எழுதப்பட்டிருந்தன. குறிப்பாகப் பின்னணி இசையைப் பற்றிய பகுதி மனநிறைவு தந்தது. ஆயினும் ஏறக்குறைய எல்லாப் பக்கங்களும் திரைப்பாடலுக்கும் மார்கழிக் கச்சேரிக்குமே போய்விட்டன. இவ்விரண்டுக்கும் வெளியே நின்று, பெரும்பாலும் சொந்தச் செலவில் பதிவுசெய்து, இதுவரை கேட்காத ஓசைகளைத் தேடிப் பார்க்கும் கலைஞர்களின் தொகுப்புகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவற்றைக் கண்டெடுத்து, கேட்டுப் பார்த்து, வாசகர்களிடம் காரணத்தோடு எடுத்துச் சொல்லும் வேலையைத் தங்கள் இதழ் மேற்கொள்ள வேண்டும் என்று கேட்டே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்த வேலையை யாரும் செய்யாவிட்டால் என்ன நேரும் என்பதற்குச் சரண்ஜித் சிங்கின் கதையைக் காட்டிலும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. மும்பைத் திரையிசைக் குழுக்களில் கிதார் வாசித்துப் பிழைத்த அவர், 1982-ஆம் ஆண்டில் பத்து இந்துஸ்தானி ராகங்களை மூன்று மின்னணுக் கருவிகளைக் கொண்டு வாசித்து, டிஸ்கோ தாளத்தில் அமைத்து, ஒரு இசைத்தட்டாக வெளியிட்டார். 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்பது அதன் பெயர். அதை வெளியிட்டது சிறு நிறுவனம் அன்று. நாடெங்கும் கடைகளுக்கு இசைத்தட்டு அனுப்பிய எச்.எம்.வி. நிறுவனமே வெளியிட்டது. அப்படியிருந்தும் அது விற்கவில்லை, பேசப்படவுமில்லை. திரையிசை கேட்பவர்களுக்கு அதில் பாட்டு இல்லை, சாஸ்திரிய சங்கீதம் கேட்பவர்களுக்கு அதில் இருந்தது இயந்திரம். இதை எப்படிக் கேட்க வேண்டும் என்று இரு தரப்பாருக்கும் எடுத்துச் சொல்ல நடுவில் ஓர் ஆள் இல்லை.

அந்த இசைத்தட்டில் என்ன இருக்கிறது என்று சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். சிங் பயன்படுத்திய மூன்று கருவிகளில் ஒன்று ரோலண்ட் நிறுவனத்தின் டி.பி.-303. தாழ்ந்த ஸ்வரங்களில் ஒலிக்கும் பேஸ் கிதாரை வாசிப்பவர் இல்லாத இடத்தில் அவருக்குப் பதிலாக ஒலிக்க வேண்டும் என்று செய்யப்பட்ட சிறு பெட்டி அது. பேஸ் கிதாரைப் போல அது ஒலிக்கவே இல்லை என்று வாங்கியவர்கள் குறைப்பட்டதால் 1984-லேயே உற்பத்தி நின்றுபோனது. ஆனால் அதில் ஒரு வசதி உண்டு. ஒரு ஸ்வரத்துக்கு 'ஸ்லைடு' என்று குறித்துவிட்டால், கருவி அடுத்த ஸ்வரத்துக்குத் தாவிச் செல்லாமல் வழுக்கிக்கொண்டு செல்லும். ஹார்மோனியத்தில் கமகம், அதாவது ஸ்வரங்களை வளைத்தும் அசைத்தும் இசைப்பது, வராது என்று சொல்லி 1940-இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்த நாடு இது. அத்தகைய நாட்டில் ராகம் வாசிப்பவர் ஒருவருக்கு இந்த வழுக்கல் எவ்வளவு பெரிய வரமாக இருந்திருக்கும்! பூபாலியும் மால்கௌன்ஸும் கலாவதியும் அந்தத் தட்டில் உள்ளன. நம் ஊர்ப் பெயரில் சொன்னால் மோகனம், இந்தோளம், வலஜி. ஹெட்போனில் கேட்டால், அடியில் டிரம் மெஷின் ஒரே கதியில் ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் ராகத்தின் பிடிகள் வளைந்து வளைந்து போவது துல்லியமாகக் காதில் விழும். தாளம் ஒருபோதும் மாறாது என்பது முதலில் சலிப்பைத் தரலாம். நாலைந்து நிமிடம் பொறுத்துக் கேட்டால், அந்த மாறாத தாளம் ஒரு தம்புராவின் வேலையைச் செய்கிறது என்பது விளங்கும்.

அதே டி.பி.-303 பெட்டியைச் சிகாகோ நகர இளைஞர்கள் பழைய சாமான் விலைக்கு வாங்கி, 1987-இல் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார்கள். அதிலிருந்து கிளைத்ததே 'ஆசிட் ஹவுஸ்' என்று உலகம் அறிந்த நடன இசை. மும்பையில் ஒருவர் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே ஏறக்குறைய அதே ஓசையை எட்டியிருந்தார் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. 2002-இல் எடோ பௌமன் என்ற டச்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் டெல்லியில் இந்தத் தட்டைக் கண்டெடுத்து, பிறகு சிங்கைத் தேடிப் போய்ச் சந்தித்து, 2010-இல் 'பாம்பே கனெக்‌ஷன்' என்ற தம் சிறு நிறுவனத்தின் மூலம் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அதன் பிறகே சிங் தம் முதிய வயதில் ஐரோப்பிய மேடைகளில் ஏறி அந்த ராகங்களை வாசித்தார். 2015-இல் அவர் காலமானார். இடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகளில் ஓர் இந்தியப் பத்திரிகை, ஒரே ஒரு பத்தியில், 'இதைக் கேட்டுப் பாருங்கள், இந்தக் காரணத்துக்காக' என்று எழுதியிருந்தால் அவர் தொடர்ந்து எத்தனை தட்டுகள் செய்திருப்பாரோ என்று நினைக்கையில் எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

இது தனி ஒருவரின் துரதிர்ஷ்டம் அல்ல. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இலேயே மின்னணு முறையில் ஓசைகளை உருவாக்கும் ஒரு மூக் சிந்தசைசர் கருவி நிறுவப்பட்டு, கீதா சாராபாய் உள்ளிட்டோர் அதில் மின்னணு இசை அமைத்தார்கள். அந்த ஒலிநாடாக்கள் ஆவணக் காப்பறையில் கிடந்து, பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்கலைஞர் தேடி எடுத்த பிறகு, 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. அந்தத் தொகுப்பை நான் எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதில் சில பகுதிகள் கருவியைப் பழகிப் பார்த்த பயிற்சிகளாகவே நிற்கின்றன. ஆனால் நம் நாட்டில் இப்படி ஒரு முயற்சி நடந்தது என்பதையே நாம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு வெளியிலிருந்து வந்தவர் சொல்லித் தெரிந்துகொண்டோம்.

இப்போது எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே, செயலியே நமக்குப் பிடித்ததைப் பரிந்துரைக்கிறதே என்று சிலர் கேட்கலாம். செயலியின் பரிந்துரை பெருமளவுக்கு, இதைக் கேட்டவர்கள் வேறு எதையெல்லாம் கேட்டார்கள் என்ற கணக்கின்மேல் நிற்கிறது. நேற்று வெளிவந்த, இன்னும் யாரும் கேட்காத ஒரு தொகுப்புக்கு அப்படிப்பட்ட கணக்கு எங்கிருந்து வரும்? இதோடு பணப் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபை என்ற இசைச் செயலி நிறுவனம், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத பதிவுகளுக்கு உரிமத்தொகை தருவதில்லை. சோதனை முயற்சியாக இசை செய்யும் ஒருவருக்கு முதல் ஆயிரமே பெரிய மலை. அந்த மலையின் அடிவாரத்தில் நிற்பவருக்குக் கைகொடுக்கக்கூடியவர், கேட்டுவிட்டு வாய்திறந்து சொல்லும் இன்னொரு மனிதர்தான்.

பிரிட்டனில் வானொலித் தொகுப்பாளர் ஜான் பீல் அப்படி ஒருவராக இருந்தார். பி.பி.சி. ரேடியோ 1 தொடங்கிய 1967-இலிருந்து, 2004-இல் தாம் இறக்கும் வரை, பெயர் தெரியாத குழுக்கள் அஞ்சலில் அனுப்பிய பதிவுகளைப் பிரித்துக் கேட்டு, தமக்குப் பிடித்தவற்றை ஒலிபரப்பினார். அவரது நிகழ்ச்சிக்காகவே பதிவான இசை அமர்வுகள் நான்காயிரத்துக்கும் மேல். நம்மிடம் அதற்கு ஈடான வானொலி நிகழ்ச்சி இல்லை. இதழ்கள் இருக்கின்றன. ஒரு நூலுக்கு இரண்டு பக்க மதிப்புரை எழுதும் வழக்கம் தமிழ் இதழ்களில் வலுவாக வேரூன்றியிருக்கிறது. ஓர் இசைத்தொகுப்பை அதே அக்கறையோடு முதற்பாட்டு தொடங்கிக் கடைசிப் பாட்டு வரை கேட்டு எழுதும் வழக்கம் மட்டும் வரவில்லை. இளையராஜா 1986-இலும் 1988-இலும் திரைப்படத்துக்கு அப்பால் இரண்டு கருவியிசைத் தொகுப்புகளை வெளியிட்டபோது வீடுதோறும் கேசட் வாங்கிக் கேட்டோம். பாட்டு வரிகள் இல்லாத இசையைத் தமிழர் கேட்க மாட்டார் என்ற வாதத்தை அப்போதே நாம் பொய்யாக்கிவிட்டோம்.

இன்றைக்கு எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால், முதலில் கானவ்யா துரைசாமியின் பெயரைச் சொல்வேன். நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த இவர், 2024-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இரண்டு தொகுப்புகளைச் சிறு நிறுவனங்கள் மூலம் வெளியிட்டார். இரண்டாவதான 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' தொகுப்புக்காக ஹூஸ்டன் நகரில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டி, அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனின் பக்தி இசையை மனத்தில் கொண்டு, ஒரு வழிபாட்டைப் போலப் பதிவு செய்தார். பியானோ கலைஞர் விஜய் ஐயரும் அதில் உண்டு. ஆலிஸ் கோல்ட்ரேனே தம் கலிஃபோர்னியா ஆசிரமத்துக்காக 1980-களிலும் 1990-களிலும் பதிவுசெய்த பஜனைகளைக் கேசட்டாக அடியார்களுக்குள் மட்டும் கொடுத்து வந்தவர். அவை பொதுவெளியில் தொகுப்பாக வந்தது 2017-இல், அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து. கானவ்யாவின் குரலில் தமிழ்ச் சொற்கள் ஜாஸ் இசைக்கருவிகளுக்கு நடுவே அவசரமின்றி வந்து அமர்கின்றன. வல்லின எழுத்துகளை அவர் அழுத்தாமல் மூச்சோடு விடும்போது, அது தாலாட்டுக்கும் ஆலாபனைக்கும் இடையில் எங்கோ நிற்கிறது. வெளிநாட்டு இதழ்கள் இத்தொகுப்பைப் பாராட்டி எழுதின. ஆனால் அவர் பாடும் தமிழின் சொற்களையும் அவற்றின் வாசனையையும் உணர்ந்து ஒரு தமிழ் இதழால் எழுத முடிவதை அவர்களால் எழுத இயலாது. அந்த மதிப்புரையை நான் தங்கள் பக்கங்களில் படிக்க விரும்புகிறேன்.

எப்படி எழுத வேண்டும் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆண்டு முடிவில் வரும் 'சிறந்த ஐம்பது' பட்டியல்களால் வாசகருக்குப் பயன் குறைவு. ஐம்பதையும் யாரும் கேட்பதில்லை. ஒரே ஒரு தொகுப்பை எடுத்துக்கொண்டு, எந்தப் பாட்டில் தொடங்கினால் புதியவருக்கு எளிது, எந்த இடத்தில் பொறுமை தேவை, எந்தப் பாட்டு தேறவில்லை என்பதைக் குறிப்பிட்டு எழுதினால் போதும். தேறாததை மறைக்காத மதிப்புரையைத்தான் வாசகர் நம்பிப் பணம் கொடுத்து வாங்குவார். எழுதுபவர் அந்தக் கலைஞரின் நண்பராக இருந்தால் அதைச் சொல்லிவிட்டு எழுத வேண்டும்.

வாங்கும் வழியையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும். கலைஞர்கள் தங்கள் இசையைத் தாங்களே விற்கும் பேண்ட்கேம்ப் என்ற இணையத்தளத்தில் ஒரு தொகுப்பை டிஜிட்டலாக வாங்கினால், தளம் 15 விழுக்காடும் பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதியைக் கலைஞருக்கோ அவரது சிறு நிறுவனத்துக்கோ தருகிறது. பல தொகுப்புகளை வாங்கும் முன் முழுமையாகக் கேட்டுப் பார்க்கவும் முடியும். கொரோனா காலத்தில் மேடைகள் மூடியபோது, 2020 மார்ச் 20 அன்று அத்தளம் தன் பங்கை விட்டுக்கொடுத்தது. அந்த ஒரே நாளில் ரசிகர்கள் 43 லட்சம் டாலருக்கு இசை வாங்கினார்கள். தகுந்த ஆள் தகுந்த நேரத்தில் எடுத்துச் சொன்னால் கேட்பவர்கள் பணம் கொடுக்கத் தயங்குவதில்லை என்பதை அந்த நாளில் கண்டோம்.

ஆகவே, மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் ஒரு தொகுப்பின் மதிப்புரை, கீழே அது கிடைக்கும் இடமும் விலையும், அடுத்த இதழில் அதைக் கேட்ட வாசகர்களின் கடிதங்கள் இரண்டு அல்லது மூன்று வரட்டும். சென்னை, கோவை, யாழ்ப்பாணம், கோலாலம்பூர் என எங்கிருந்தும் கலைஞர்கள் தங்கள் பதிவுகளை அனுப்பலாம் என்று ஒரு முகவரியையும் அறிவியுங்கள். முதல் மாதத்துக்குக் கானவ்யாவையும் அடுத்த மாதத்துக்குச் சரண்ஜித் சிங்கையும் நான் முன்மொழிகிறேன். இரண்டில் எதற்கும் மதிப்புரை எழுதத் தங்களுக்கு ஆள் கிடைக்கவில்லையெனில், நானே எழுதி அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி