கொழும்பில் கொம்பியூட்டர் திருத்தும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் லப்டொப், கொம்பியூட்டர் திருத்திக் கொடுக்கிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். காலி வீதியில் இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு மேசை மட்டும் போட்டிருப்பவருக்கும், யூனிட்டி பிளாசாவுக்குள் பெரிய கடை வைத்திருப்பவருக்கும் சேர்த்துத்தான். அரசாங்கத்துக்கோ பொலிசுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. திரை திடீரென்று சிவந்து, சைரன் சத்தம் போட்டு, கொம்பியூட்டருக்குள் வைரஸ் வந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் கத்தினால், எங்கள் அம்மா அப்பாமார் முதலில் தூக்கிக்கொண்டு ஓடி வருவது உங்களிடம்தான். அந்த நேரத்தில் நீங்கள் சொல்வதை அவர்கள் அப்படியே நம்புவார்கள்.

சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தச் சிவப்புத் திரை ஒரு வெப் பக்கம், அவ்வளவுதான். ஒரு வெப் பக்கத்தால் நம்முடைய டிஸ்க்கைத் திறந்து பார்க்க முடியாது. பிரவுசர் அதற்கு இடம் கொடுக்காது. 'ஸ்கேன் ஆகிறது' என்று ஓடும் கோடும், வரிசையாக வந்து விழும் கோப்புப் பெயர்களும் முன்கூட்டியே செய்து வைத்த படம். வின்டோஸில் இருக்கும் சி டிரைவ் என்ற ஒன்றே இல்லாத அப்பிளின் மேக் கொம்பியூட்டரில் திறந்தாலும் 'சி டிரைவில் வைரஸ்' என்று காட்டிய பக்கங்கள் உண்டு. பலரை உண்மையில் நடுங்க வைப்பது வேறொன்று. 'கொழும்பு' என்று ஊர்ப் பெயரும், வீட்டுக்கு இன்டர்நெட் தரும் கம்பனியின் பெயரும் அந்தப் பக்கத்தில் வரும். "என்னைத் தெரிந்த ஆள்தான் உள்ளே வந்திருக்கிறான்" என்று நினைத்துவிடுகிறார்கள். நம்முடைய இன்டர்நெட் இணைப்புக்குரிய ஐபி இலக்கத்தை வைத்து எந்தத் தளத்தாலும் அந்த இரண்டையும் கண்டுபிடிக்க முடியும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

பக்கம் முழுத்திரையாவதும், மவுஸ் அம்பு மறைவதும், மூடப்போனால் இன்னொரு பெட்டி முளைப்பதும் பிரவுசரின் சாதாரண வசதிகளைத் தப்பாகப் பயன்படுத்துவதால் வருகிறவை. எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். அசையவில்லையா, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மனேஜரில் பிரவுசரை நிறுத்தலாம். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று விட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

எச்சரிக்கையில் ஒரு தொலைபேசி இலக்கமும் இருக்கும், மைக்ரோசொஃப்ட் என்ற பெயரோடு. தங்கள் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி இலக்கம் ஒருபோதும் வராது என்று அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லி வைத்திருக்கிறது. ஆகவே இலக்கம் இருந்தால் அது பொய் என்று எழுபது வயதுக்காரருக்கும் சொல்லிக் கொடுக்கலாம். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் இலக்கத்தைக் கண்டால் தெரியும்தானே.

பெரியவர்களை ஏச வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். "கண்ட கண்ட சைட்டுக்குப் போனால் இப்படித்தான்" என்று கவுண்டரில் நாலு பேருக்கு முன்னால் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, இங்கே அடுக்குமாடியில் தனியாக இருப்பவர்கள் அவர்கள். காலையில் தமிழ்ச் செய்தி, அப்புறம் மரண அறிவித்தல், பின்னேரம் ஒரு நாடகத் தொடர். அந்தத் தொடர்களைத் திருட்டுத்தனமாக ஏற்றும் தளங்களில் 'பிளே' பட்டனுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு விளம்பரத்தைப் பரப்பி வைத்திருப்பார்கள். தட்டினால் வேறொரு பக்கம் திறக்கும். இதை அந்த அம்மா எப்படிக் கண்டுபிடிப்பார்? நல்ல தளங்களிலும் இது நடந்திருக்கிறது. 2009 செப்டெம்பரில் நியூயோர்க் டைம்ஸின் இணையத்தளத்திலேயே போலி வைரஸ் எச்சரிக்கை தோன்றியது. பெயருள்ள ஒரு கம்பனியைப்போல நடித்து விளம்பர இடம் வாங்கியவர்கள், இடையில் விளம்பரத்தை மாற்றிவிட்டார்கள். அவ்வளவு பெரிய பத்திரிகையே ஏமாந்த இடத்தில் நம் வீட்டுப் பெரியவர் ஏமாந்ததற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி என்னை இந்த மடலை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

எங்கள் மாடியில் இருக்கும் ஒரு அம்மாவின் குடும்பம் 1983 யூலையில் வெள்ளவத்தையில் வீட்டை இழந்தது. வீட்டோடு சேர்த்து அல்பங்களும் எரிந்து போயின. கலியாணப் படம், பிள்ளைகளின் முதலாவது பிறந்தநாள், யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் ஐயா நிற்கும் படம் எல்லாம் போய்விட்டன. பிறகு வந்த வருடங்களில் வெளிநாட்டிலிருந்த சொந்தக்காரர்கள் தங்களிடம் இருந்த பிரதிகளை ஸ்கேன் செய்து, ஒன்றும் இரண்டுமாக அனுப்பி வைத்தார்கள். அவற்றையெல்லாம் அவர் தன் லப்டொப்பில் ஒரே ஃபோல்டரில் சேர்த்து வைத்திருந்தார். ஒரு நாள் சிவப்புத் திரை வந்தது. பயந்துபோய்க் கடைக்குக் கொண்டுபோனார். "முழுக்க வைரஸ், போமட் பண்ண வேணும்" என்றார்கள். பண்ணினார்கள். படங்கள் ஏதும் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. போமட் என்றால் டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்று அவருக்கும் தெரியாது.

அன்று வந்த திரையை அவர் போனில் படம் பிடித்து மகளுக்கு அனுப்பியிருந்தார். அதை நானும் பார்த்தேன். மேலே பிரவுசரின் முகவரிப் பட்டை, நடுவே வெளிநாட்டு இலக்கம். வெறும் வெப் பக்கம். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஏதாவது மீட்கலாம் என்று முயன்று பார்த்திருக்கலாம். உள்ளே இருந்தது எஸ்எஸ்டி என்ற புதிய வகை டிஸ்க். அதில் அழித்தவற்றை மீட்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சில படங்களைத் திரும்பக் கேட்டு வாங்கினோம். அனுப்பியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களிடமிருந்து வந்தவை போனவைதான்.

எனக்கு மிகவும் வலித்தது அந்த அம்மா சொன்னதுதான். "அந்தத் தம்பி நல்ல பிள்ளை. வைரஸை எடுத்துத் தந்தவர்" என்று இன்றைக்கும் சொல்கிறார்.

அந்தக் கடைக்காரர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. வரிசையில் ஆட்கள் நிற்கும்போது, எதைக் கொண்டு வந்தாலும் போமட் பண்ணிக் கொடுப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. ஆனால் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. ஒஃபிஸ் டிப்போ என்ற பெரிய கடைத்தொடர், வாடிக்கையாளரின் கொம்பியூட்டரை இலவசமாகப் பரிசோதிப்பதாகச் சொல்லி வந்தது. முதலில் நாலு கேள்வி: கொம்பியூட்டர் மெதுவாக இருக்கிறதா, வைரஸ் எச்சரிக்கை வருகிறதா என்ற மாதிரி. ஒன்றுக்காவது ஆம் என்றால் போதும், உள்ளே என்ன இருந்தாலும் தீம்பொருளின் அறிகுறி இருப்பதாக முடிவு வரும் என்பதுதான் குற்றச்சாட்டு. திருத்தும் சேவைக்கு நூற்றுக்கணக்கான டொலர் கட்டினவர்கள் உண்டு. 2019இல் அந்த நிறுவனம் 25 மில்லியன் டொலரும், அதற்கு மென்பொருள் செய்து கொடுத்த சப்போர்ட் டொட் கொம் நிறுவனம் 10 மில்லியன் டொலரும் கட்டி வழக்கை முடித்தன. பயந்து வந்தவரின் பயத்தை வைத்தே பில் போட்டால், அந்தச் சிவப்புத் திரையைச் செய்தவனுக்கும் நமக்கும் இடையில் உள்ள தூரம் குறைந்துவிடும். நான் இதைக் கோபத்தில் எழுதவில்லை. உங்கள் தொழிலில் எனக்கு மரியாதை இருப்பதால்தான் எழுதுகிறேன்.

உங்கள் பக்கமும் விளங்குகிறது. கடை வாடகை, கரண்ட் பில், வேலைக்கு நிற்கும் பையனின் சம்பளம். இரண்டு நிமிட வேலைக்கு என்ன கேட்பது என்ற தயக்கம் இருக்கும். பரிசோதித்ததற்கு ஒரு நியாயமான கட்டணம் வாங்குங்கள். "இது வெறும் பக்கம், உங்கள் கொம்பியூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சரியாகப் பார்த்துச் சொல்வதும் வேலைதான். டொக்டர் மருந்து எழுதாவிட்டாலும் பார்த்ததற்குக் காசு கொடுக்கிறோமே. பில்லில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து கேட்கும்போது அவர்களாலும் சொல்ல முடியும்.

சில வேளை மூடின பிறகும் எச்சரிக்கை நிற்காது. கடைசியில் போமட்டில் போய் முடிவது அனேகமாக இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். திரையின் வலது பக்க மூலையில் சின்னச் சின்னப் பெட்டியாக, பிரவுசரில் ஒரு பக்கமும் திறந்திராதபோதுகூட வந்துகொண்டிருக்கும். எங்கோ ஒரு தளம் 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதியை அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கும், இவரும் அழுத்தியிருப்பார். அவர் கொடுத்தது நோட்டிபிகேஷன் அனுப்பும் அனுமதி. அது வைரஸ் இல்லாததால் அன்டிவைரஸ் வாங்கிப் போட்டாலும் போகாது. குரோம் செட்டிங்ஸில் தள அனுமதிகளுக்குள் நோட்டிபிகேஷன் பகுதிக்குப் போய், தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டால் நின்றுவிடும். போனிலும் இதே கதைதான். பற்றரி பழுது, சிம் பழுது என்று பயமுறுத்தி, ஏதோ ஒரு அப்பை இறக்கச் சொல்லும். கொடுத்த அனுமதியை எடுத்துவிடுங்கள். முடிந்தால் இனி எந்தத் தளமும் கேட்கவே முடியாதபடி அமைத்துக் கொடுங்கள்.

விளம்பரத் தடுப்பானும் ஒன்று போட்டு விடுங்கள். பயர்பொக்ஸில் யூபிளொக் ஒரிஜின், குரோமில் அதன் லைட் வடிவம், இரண்டும் இலவசம். 2022 டிசெம்பரில் அமெரிக்க எஃப்பிஐகூட, தேடலில் வரும் போலி விளம்பரங்களிலிருந்து தப்ப விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்தும்படி மக்களுக்குச் சொன்னது. கிராக் செய்த அன்டிவைரஸை மட்டும் தயவுசெய்து போட வேண்டாம். 2012இல் வந்த வின்டோஸ் 8இலிருந்து டிஃபென்டர் என்ற அன்டிவைரஸ் கூடவே வருகிறது. அதை நிறுத்திவிட்டு யாரோ உடைத்துத் தந்த ஒன்றைப் போடுவது, வராத ஆபத்தைக் கூப்பிட்டு வைப்பது.

போமட் தேவைப்படும் சந்தர்ப்பமும் உண்டு, அதை மறுக்கவில்லை. அந்த இலக்கத்துக்கு அழைத்துக் கதைத்தாரா, தூரத்திலிருந்தே கொம்பியூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ஏதாவது இறக்கச் சொன்னார்களா, கார்ட் இலக்கமோ ஓடிபியோ கொடுத்தாரா என்று முதலில் பொறுமையாகக் கேளுங்கள். கேட்கிற விதத்தில்தான் பதில் வரும், ஏசினால் மறைத்துவிடுவார்கள். ஆம் என்றால் உடனே இன்டர்நெட்டைத் துண்டித்து, அவருடைய வங்கிக்கு உங்கள் கடையிலிருந்தே அழைத்து கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கை நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவரால் அதைத் தனியாகச் செய்ய முடியாது. கடவுச்சொற்களை வேறு ஒரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம். காசு போயிருந்தால் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவில் முறையிடலாம். கணினிக் குற்றச் சட்டம் இந்த நாட்டில் 2007இலிருந்து இருக்கிறது.

இதெல்லாம் ஆன பிறகும் போமட் பண்ணத்தான் வேண்டும் என்றால், முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்க்குக்கு எடுங்கள். எடுத்ததை உரிமையாளரின் கண் முன்னால் திறந்து காட்டுங்கள். "வேறு எங்காவது படம் வைத்திருக்கிறீர்களா அம்மா?" என்று ஒரு கேள்வி. டெஸ்க்டொப்பிலும் டவுன்லோட்ஸிலும், ஏன், ரீசைக்கிள் பின்னுக்குள்ளும்கூட வைத்திருப்பார்கள்.

நான் ஒரு தாள் தயார் செய்திருக்கிறேன். எச்சரிக்கை வந்தால் எதை அழுத்துவது, எதற்கு அழைக்கக் கூடாது, கடையில் எதைக் கேட்டு வாங்குவது என்று பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்குள். தமிழ் வடிவம் முடிந்துவிட்டது. சிங்கள வடிவத்தை எழுதித் தர உங்களில் யாராவது முன்வந்தால் இரண்டையும் முன்னும் பின்னுமாக அச்சடிக்கலாம். அச்சுச் செலவு என்னுடையது. உங்கள் கவுண்டரில் ஒரு கட்டு வைக்க இடம் தந்தால் போதும். அடுத்த வாரம் வெள்ளவத்தைச் சந்தைப் பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கடையாக நானே வருகிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்