ஹெட்டை மட்டும் அளந்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்துகொண்டே போகும் வண்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டை மாற்றி, ஹெட்டின் முகத்தை மெஷினில் சீவி மட்டமாக்கி, அதாவது ஃபேசிங் செய்து, பூட்டினால் கசிவு நின்றுவிடும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. பல வண்டிகளுக்கு அது பொருந்தும். ஆனால், புதிய கேஸ்கெட் போட்ட சில வாரங்களிலேயே அதே இடத்தில் மறுபடியும் கசியும் வண்டிகளும் இருக்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் மூன்றாவது கேஸ்கெட்டையும் வாங்கி ஓய்ந்த பிறகுதான் எங்களைப் போன்ற எஞ்சின் வேலைக்காரர்களைத் தேடி வருகிறார்கள். கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாத, சிலிண்டர்கள் அமைந்திருக்கும் எஞ்சின் பிளாக்கின் மேல்முகத்தைப் பற்றி, அந்த வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுத விரும்புகிறேன்.

கேஸ்கெட் ஹெட், பிளாக் ஆகிய இரண்டின் முகங்களுக்கு நடுவே உட்காருகிறது. அவற்றுள் ஹெட்டின் முகம் கழற்றியதும் கையோடு எடுத்துப் போகக்கூடியது. ஆகவே அது தவறாமல் ஃபேசிங் கடைக்குப் போய்விடுகிறது. பிளாக்கோ வண்டிக்குள்ளேயே கிடக்கிறது. அதை இறக்குவதென்றால் கியர்பாக்ஸ், மவுண்டிங், வயரிங் என்று எல்லாவற்றையும் பிரித்தாக வேண்டும் என்பதால், மேலே ஒட்டியிருப்பதைச் சுரண்டித் துடைத்துவிட்டு, ‘இது நன்றாகத்தான் இருக்கிறது’ என்று கண்ணாலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் நான் பூட்டிக் கொடுத்த ஒரு டீசல் எஞ்சின் இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டாம் முறைதான் பிளாக்கின் மேல் ஸ்ட்ரெய்ட் எட்ஜை (துல்லியமான நேர்விளிம்புச் சட்டத்தை) வைத்துப் பார்த்தேன். நடு சிலிண்டர்கள் இரண்டுக்கும் இடையில், இடைவெளியை அளக்கும் 0.15 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு தடையில்லாமல் உள்ளே போயிற்று. அதுவரை குறை கேஸ்கெட்டில் இருப்பதாகத்தான் உரிமையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பல கார் எஞ்சின்களுக்குத் தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் வளைவு 0.05 மில்லிமீட்டர், சில எஞ்சின்களுக்கு 0.10 வரை போகலாம். அந்தந்த எஞ்சினின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. நீளவாக்கில் இரு ஓரங்களிலும் நடுவிலும், அகலவாக்கிலும், இரண்டு மூலைவிட்டங்களிலும் ஸ்ட்ரெய்ட் எட்ஜை நிறுத்தி ஒவ்வொரு முறையும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். மயிரிழை அளவே உள்ள இந்த இடைவெளிக்கு இத்தனை அக்கறை எதற்கு என்று கேட்கலாம். கூலன்டின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்த அளவுதான். ஆனால் அதை ஒட்டியே இருக்கும் சிலிண்டரில் எரிபொருள் பற்றும் நொடியில் பெட்ரோல் எஞ்சினில் பல பத்து பார் வரையும், டீசல் எஞ்சினில் 100 பாருக்கு மேலும் அழுத்தம் எழும்புகிறது. எஞ்சின் ஓடும்போது எரிந்த வாயு இந்தச் சந்து வழியாகக் கூலன்டுக்குள் புகுந்து ரேடியேட்டரில் குமிழியாக வருகிறது. எஞ்சின் நின்று ஆறியதும் கூலன்ட் அதே சந்து வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கி, மறுநாள் காலையில் வெள்ளைப் புகையாக வெளியேறுகிறது. போதாக்குறைக்கு, இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் இருக்கும் எஞ்சின்களில், அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால், ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் ஹெட் கேஸ்கெட்டின் மேல் சற்றே நகர்ந்து உரசுகிறது.

முகம் கெடுவதற்கு ஓவர்ஹீட் ஒன்றுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். வேறு மூன்று காரணங்களும் உண்டு. கூலன்டை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அதிலுள்ள அரிப்புத் தடுப்பு மருந்து தீர்ந்துபோய், தண்ணீர்த் துளைகளின் விளிம்பில் குழிகள் விழுகின்றன. அலுமினிய பிளாக்குகளில் இது அதிகம். போல்ட் துளைகளின் மேல்மரை இழுபட்டு, துளையைச் சுற்றி மெல்லிய வரம்பு எழும்பிவிடுவதும் உண்டு. கேஸ்கெட் அந்த வரம்பின் மேல் உட்கார்ந்தால் பக்கத்து இடங்களில் அழுத்தம் குறையும். மூன்றாவது காரணம் நாங்களே செய்வது. பழைய கேஸ்கெட்டின் ஒட்டலை எடுக்கக் கிரைண்டரில் தேய்ப்புச் சக்கரத்தைப் பூட்டிச் சில நிமிடங்களில் பளபளவென்று ஆக்கிவிடுகிறோம். பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் அலுமினியத்தில் அந்தச் சக்கரம் நின்ற இடமெல்லாம் பள்ளம். சக்கரத்திலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள் ஆயில் வழியில் விழுந்தால் பேரிங்கையே தின்றுவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இந்தச் சக்கரங்களைப் பற்றித் தன் சேவை மையங்களுக்குத் தனிச் சுற்றறிக்கை அனுப்பி எச்சரித்திருக்கிறது. பிளாஸ்டிக் சுரண்டியும் கரைப்பானும் பொறுமையும் போதும்.

இனி, சரிசெய்வது பற்றி. குழி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே வழி அமையும். தண்ணீர்த் துளையின் ஓரத்தில் மட்டும் குழி இருந்து, சிலிண்டரைச் சுற்றிக் கேஸ்கெட்டின் உலோக வளையம் அமரும் இடம் நல்ல நிலையில் இருந்தால், உலோகத்தூள் கலந்த எபாக்ஸியால் நிரப்பலாம். அரித்த பகுதியைச் சுத்தமான உலோகம் தெரியும்வரை குடைந்து, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவி, சற்று மேடாக நிரப்பி, முழுமையாக இறுகவிட்டு, பிறகு சமதளமான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி மட்டமாக்க வேண்டும். வளையம் அமரும் இடத்தில் இந்த வைத்தியம் நிற்காது. அங்கே அலுமினியமானால் டிக் வெல்டிங் செய்து ஃபேசிங் போடலாம். வார்ப்பிரும்பு பிளாக்கில் விரிசலே விழுந்திருந்தால், வெல்டிங் செய்து ஆறும்போது பக்கத்தில் புதிய விரிசல் விழும் ஆபத்து இருப்பதால், பழைய விரிசலின் நீளத்துக்கு மரையுள்ள ஆணிகளை ஒன்றையொன்று கவ்வுமாறு வரிசையாக இறக்கி, சூடேற்றாமலே தைப்பதுதான் நல்லது. அதைப் பொறுமையாகச் செய்யத் தெரிந்தவர் கையில் அந்தத் தையல் பல ஆண்டுகள் தாங்கும்.

பிளாக் வளைந்திருந்தால் ஃபேசிங்கைத் தவிர வேறு வழியில்லை. இறக்கி, மெஷினில் ஏற்றித்தான் ஆக வேண்டும். இங்கேயும் ‘இன்னும் கொஞ்சம் எடுத்துவிடலாம்’ என்ற தாராளம் கூடாது. முகம் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுக்குக் கம்ப்ரஷன் கூடும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி குறையும். வால்வுகளைத் திறக்கும் கேம் மேலே உள்ள எஞ்சின்களில் வால்வு டைமிங்கும் சிறிது பிசகும். டீசல் எஞ்சினில் பிஸ்டன் பிளாக்கின் முகத்துக்கு மேல் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பதை டயல் கேஜ் வைத்து அளந்து, அதற்கேற்ற தடிமன் உள்ள கேஸ்கெட்டை அதன் ஓரத்திலுள்ள வெட்டுக்குறிகளையோ துளைகளையோ எண்ணித் தேர்ந்தெடுக்க வேண்டும். சிலிண்டர் உறையான லைனர் நேரடியாகக் கூலன்டில் நனையும் வெட் லைனர் எஞ்சினானால், அந்த லைனர் முகத்துக்கு மேல் நிற்கும் உயரத்தையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போன பிளாக்கை ஒதுக்கிவிடுவதே நல்லது.

ஃபேசிங் முடிந்த முகத்தின் வழவழப்பையும் கேட்டு வாங்க வேண்டும். பல அடுக்கு எஃகுத் தகடாலான இன்றைய கேஸ்கெட்டுகளுக்குச் சொரசொரப்பு 1.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவிலோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். பழைய நார் கேஸ்கெட்டுகள் இதைவிடக் கூடுதலான சொரசொரப்பையும் பொறுத்துக்கொண்டவை. பழைய பழக்கத்தில் பழைய வேகத்திலேயே வெட்டிக் கொடுக்கும் கடைகளால்தான் ‘புதிய கேஸ்கெட்டுகள் தரமில்லை’ என்ற பேச்சு கிளம்புகிறது என்பது என் கருத்து.

பூட்டும்போது போல்ட் துளைகளில் ஆயிலோ கூலன்டோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அந்தத் திரவத்துக்குப் போக்கிடம் இல்லாமல் பிளாக்கிலேயே விரிசல் விழக்கூடும். நீண்டு இறுகும் வகைப் போல்ட்டுகளை மறுமுறை பயன்படுத்தக் கூடாது. ரேடியேட்டரில் ஊற்றும் அடைப்பு மருந்துகளைப் பற்றியும் கட்டுரை பாராட்டியே எழுதியிருந்தது. அவை வழியில் அகப்பட்ட ஒரு கசிவை அடைக்கலாம். ஆனால் ஹீட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

அடுத்த முறை இப்பொருள் பற்றித் தாங்கள் எழுதும்போது வாசகர்களுக்கு ஒரு சிறு யோசனையைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஹெட் இறங்கிய வண்டியின் உரிமையாளர் தம் மெக்கானிக்கிடம், ‘பிளாக்கை அளந்தீர்களா, எந்த இடத்தில் எவ்வளவு வந்தது?’ என்று கேட்டு, அந்த அளவைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
எஞ்சின் பட்டறையில் பணிபுரிந்த வாசகர்