மாமனார் ஃபைலோடு ஒரு கடிதம்

சென்னை

அன்புள்ள மலருக்கு,

உன் மாமனாரின் புராஸ்டேட் கேன்சர் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். பயாப்ஸியில் கேன்சரின் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண் 4+3, புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. 14. அடுத்த வாரமே ஆபரேஷன் என்று மாப்பிள்ளை பறக்கிறாராம். வேண்டாம். இந்த நிலையில் இரண்டு மூன்று வாரத்தில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அதற்குள் யூராலஜிஸ்ட், ரேடியேஷன் டாக்டர், மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட், பயாப்ஸி பார்த்த பேத்தாலஜிஸ்ட், ஸ்கேன் படிப்பவர் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசட்டும். டியூமர் போர்டு என்பார்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டோ வேறு இடமோ, "கேஸ் போர்டுக்குப் போச்சா?" என்று கேட்டுவிடு. கத்தி பிடிப்பவர் ஆபரேஷன் என்பார், ரேடியேஷன் தருபவர் ரேடியேஷன் என்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்.

ரிப்போர்ட்டில் இல்லாத ஒன்று இருக்கிறது. சிறுநீர்த் தொந்தரவுக்காக அவர் வருஷக்கணக்கில் டூட்டாஸ்டெரைடு போடுகிறாரே, அது பி.எஸ்.ஏ.வை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். அப்படிப் பார்த்தால் 14 என்பது 28. 20ஐத் தாண்டினால் ஹை ரிஸ்க். கேன்சர் வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் வேண்டுமா, ரேடியேஷனோடு போடும் ஹார்மோன் ஊசி ஆறு மாதமா, ஒன்றரை முதல் மூன்று வருஷமா என்பதெல்லாம் இதை வைத்துத்தான். அந்த மாத்திரைச் சீட்டு ஃபைலில் முதல் தாளாக இருக்கட்டும்.

எம்.ஆர்.ஐ. ஃபிலிம் மட்டும் போதாது, அந்தப் படங்களைப் பதிந்து தரும் சி.டி. தட்டும் வேண்டும். பயாப்ஸி ஸ்லைடுகளையும், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் லேபில் எழுதிக் கொடுத்து வாங்கு. கத்திரி வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதே, மெழுகு இளகிவிடும்.

ஹார்மோன் ஊசி சர்க்கரையை ஏற்றும், எலும்பை மெலிய வைக்கும். அதனால் அவருடைய சர்க்கரை டாக்டருக்கும் தகவல் போக வேண்டும். ஆரம்பத்திலேயே எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல். ஆபரேஷன் என்றால் இடுப்புத்தளப் பயிற்சியை முன்கூட்டியே பிசியோதெரபிஸ்ட்டிடம் பழகட்டும். ரேடியேஷன் என்றால் பெரும்பாலும் மூத்திரப்பை நிறைந்தும் மலக்குடல் காலியாகவும் இருக்கச் சொல்வார்கள். மலக்குடலில் காற்று சேர்ந்தால் புராஸ்டேட் இடம் நகரும். வீட்டிலேயே தண்ணீரைக் குடித்துவிட்டுக் கத்திப்பாராவில் மாட்டிக்கொண்டால் அவர் பாடு திண்டாட்டம். அங்கே போய், அவர்கள் சொல்லும் அளவு குடிக்கட்டும்.

காலில் பலம் குறைந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே கேஷுவால்டி.

சிறுநீர்க் கசிவு, தாம்பத்தியம் பற்றியெல்லாம் மருமகள் எதிரில் அவர் வாய் திறக்க மாட்டார். அந்தப் பேச்சு வரும்போது மாமியாரையும் மாப்பிள்ளையையும் உள்ளே விட்டுவிட்டு நீ வெளியே இரு.

அப்பா