வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அது வீடுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் வீட்டுமனை இணைப்பில் பழைய மாமல்லபுரம் சாலை அடுக்குமாடி வளாகங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நீச்சல் குளம், ஜிம், கேமரா எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நடுவில் ஒரு வரி: வாடகைக்கு இருப்பவர்கள் அதிகமானால் வளாகம் கெட்டுவிடும், அவர்களுக்கு அந்த இடத்தின் மேல் பற்று இருக்காது என்று. நான்கு நாளாக அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை.

நாவலூரில் ஒரே வளாகத்தில் 2018 முதல் இருக்கிறோம், வீடு மட்டும் ஒரு முறை மாறியிருக்கிறோம். என் இரண்டாவது பிள்ளை இந்த கேட்டுக்குள்தான் நடக்கப் பழகினான். இப்போதைய வீட்டின் ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், ஒரு ராத்திரிகூட இங்கே தங்கியதில்லை. ஆனால் அசோசியேஷன் கூட்டத்தில் ஓட்டு அவருக்குத்தான். எனக்கு ஓட்டு வேண்டாம், குப்பை பற்றிப் பேசவாவது விடுங்கள் என்று ஒரு முறை போய் உட்கார்ந்தேன். "டெனன்ட் எல்லாம் ஓனர் மூலமா மெயில் அனுப்புங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லி எழுப்பி விட்டார்கள். பற்று எங்கிருந்து வரும் என்று கட்டுரை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டபோது டேங்கர் லாரித் தண்ணீருக்காக மாதா மாதம் தனியாகப் பணம் கேட்டார்கள், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கட்டினோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கரண்ட் போய், லிப்ட் நின்று, சம்ப்பில், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியில், மழைநீர் கலந்துவிட்டது. லாரி எத்தனை மணிக்கு வரும் என்ற தகவல் ஓனர்கள் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வந்தது, எங்களை அதில் சேர்ப்பதில்லை. பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அதன் பிறகு பதினொன்றாம் மாடியில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போனது என் பெரிய மகனும், நான்கு பேராக வாடகைக்கு இருக்கும் ஐடி பையன்களும்தான். அந்தப் பையன்களுக்கு வீடு கொடுக்கக் கூடாது என்று அதற்கு முந்தைய மாதம்தான் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

அட்வான்ஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வீட்டுக்குப் பத்து மாத வாடகை, 2,40,000 ரூபாய் கொடுத்தோம், என் நகையை வைத்துத்தான். காலி செய்தபோது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகை, அப்புறம் சுத்தம் செய்யும் செலவு என்று இன்னொரு தொகை பிடித்துக்கொண்டு, மிச்சத்தைத் தர நாலு மாதம் இழுத்தார்கள். அந்த நாலு மாதமும் நகைக்கு வட்டி கட்டியது நாங்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்குப் புதிய சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும், ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. "வேறு உடன்பாடு இல்லாவிட்டால்" என்ற அந்த மூன்று சொல்லைப் பிடித்துக்கொண்டு புரோக்கர் அக்ரிமெண்டில் எதை வேண்டுமானாலும் எழுதிவிடுகிறார், வீடு கிடைத்தால் போதும் என்று நாமும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். தண்ணீர், மின்சாரம், லிப்ட் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. போன வருடம் எங்கள் ஓனர் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தார் என்று எங்கள் வீட்டுக்கு ஜெனரேட்டர் இணைப்பைத் துண்டித்தார்கள். வாடகையோடு சேர்த்து மெயின்டனன்ஸையும் நான் அவருக்கு மாதம் தவறாமல் அனுப்பியிருந்தேன். ரசீதைக் காட்டினேன், யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. மூன்று ராத்திரி, கரண்ட் போகும்போதெல்லாம், ஆஸ்துமா இருக்கும் என் மாமியாருக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் பத்திரிகையை எங்கள் வீட்டில் என் மாமனார் காலத்திலிருந்து வாங்குகிறோம். அந்த உரிமையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அந்த வரிக்கு வருத்தம் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதே இணைப்பில் அரைப் பக்கம் ஒதுக்கி, ஒப்பந்தத்தை எப்படிப் பதிவு செய்வது, அட்வான்ஸ் திரும்பி வராவிட்டால் யாரிடம் மனு கொடுப்பது என்று எளிய தமிழில் போடுங்கள். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வரும்போது வாடகைக்கு இருக்கும் ஒருவரிடமும் பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாடகைக்கு இருக்கும் ஒரு வாசகி,
நாவலூர்