பறவை ஆர்வலர் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, பிள்ளைகளையும் கூட்டி வந்திருக்கும் தாய்மாரே, வணக்கம்.

போன பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தபடி, சின்னக் குருவிகளை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த ஆண்டு கழுகு, நாரை, மயில், ஆந்தை என்று பெரிய பறவைகளையே கவனித்தோம். நிர்வாகக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. குறிப்புகள் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றை இங்கே வாசித்து உங்கள் பொறுமையைச் சோதிக்கவில்லை.

ஆண்டின் பெரிய வேலை அந்த வாகை மரம்தான். பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆற்றோரத்து வாகையில் பாம்புக் கழுகு கூடு கட்டியிருப்பதை முதலில் சொன்னவர்கள் கொழுந்து எடுக்கும் பெண்கள். அதே மரத்தை ஃபெக்டரி விறகுக்காக வெட்டக் குறி போட்டிருந்தார்கள். "கோழி தூக்குற சனியன், போகட்டும்" என்றுதான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பலரும் பேசினார்கள். சரி, பேசிப் பயனில்லை என்று பைனாக்குலரை லயத்து வாசலுக்கே கொண்டுபோய் ஆளாளுக்குப் பார்க்கக் கொடுத்தோம். கழுகின் காலில் பாம்பு தொங்கியதைக் கண்ட பின் பேச்சு மாறியது. கோழியில் கை வைப்பது பெரும்பாலும் குடுமிப் பருந்து. பாம்புக் கழுகின் முகத்தோலும் காலும் மஞ்சள். பறக்கும்போது சிறகின் அடியில் அகலமான வெள்ளைப் பட்டை தெரியும். விசிலடிப்பது போலக் கத்திக்கொண்டே வட்டமிடும். ஓர் ஈட்டுக்கு ஒரே முட்டைதான் இடும்.

தோட்டத்தை நடத்தும் துரையிடம் மனுக் கொடுக்கப் போனபோது, நான் எழுதி வைத்திருந்த பேச்சைவிட ஓர் அக்காவின் ஒரு கேள்விதான் வேலை செய்தது: "மலையில பாம்பு கடிச்சா யாருங்க தொர பொறுப்பு?" குஞ்சு பறக்கும்வரை வெட்டு நின்றது. குஞ்சும் பறந்தது. அடுத்த கிழமையே மரத்தை வெட்டிவிட்டார்கள். அதற்கு மேல் நம்மால் தடுக்க முடியவில்லை.

ஜனவரியில் காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களில் கணக்கெடுத்தோம். நீர்க்காகமும் வெள்ளைக் கொக்கும்தான் அதிகம். இரண்டு நீர்த்தேக்கங்களும் 1960களில் பள்ளத்தாக்கை மறித்துக் கட்டியவை. கரை செங்குத்தாக இறங்குவதால் நாரை நின்று மீன் குத்துவதற்கு ஆழமில்லாத இடம் குறைவு. நீர் வற்றி மவுஸ்ஸாகலையில் பழைய கோயில் வெளியே தெரிந்த நாட்களில்தான் சேற்று விளிம்பில் சாம்பல் நாரைகள் இறங்கின. சனம் கோயிலைப் பார்க்க வந்தது; நாம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதைச் சிலர் விசித்திரமாகப் பார்த்தார்கள்.

காசல்ரீயில் மீன் வலையில் சிக்கிய ஒரு நாரையை இளம் உறுப்பினர் ஒருவர் வெறுங்கையால் தூக்கப் போனார். நல்லவேளை, பக்கத்திலிருந்தவர் இழுத்துவிட்டார். நாரையின் அலகு நேரே கண்ணுக்குத்தான் வரும். முதலில் சாக்கைப் போட்டுத் தலையை மூடுங்கள். இருட்டானால் பறவை அடங்கும். தலைக்குக் கீழே கழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்புறம் வலையை அறுக்கலாம். காயமிருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். வீட்டில் வைத்து வளர்க்கும் யோசனை வேண்டாம்.

மஹியங்கனை சொரபொர குளத்துக்கான சுற்றுலாவில், பதினெட்டு வளைவு மலைப்பாதையில் இறங்கும்போதே பாதிப் பேருக்குத் தலைசுற்றல். குளத்தில் மஞ்சள் அலகு நாரை, நத்தை குத்தி நாரை, கூழைக்கடா எல்லாம் கிடைத்தன. டீவியில் பார்த்த சாரஸ் என்ற உயரமான பறவை எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்கள். அது இந்தியாவில் உண்டு, இலங்கையில் இல்லை. கழுத்தை நீட்டிப் பறந்தால் நத்தை குத்தி வகை, மடித்துக்கொண்டு பறந்தால் கொக்கு, சாம்பல் நாரை வகை என்பதை அன்றைக்கே பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்கள்தான் சொல்வழி கேட்கவில்லை. ஃபோனில் படமெடுக்க ஒருவர் முழங்கால் தண்ணீரில் இறங்க, பறவைக் கூட்டம் முழுவதும் எழும்பிப் போய்விட்டது. அடுத்த சுற்றுலாவில் ஃபோன்களை பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்க வேண்டும் என்ற தீர்மானத்தை இன்று நானே முன்மொழிகிறேன்.

மயில் விவகாரம் முடியவில்லை. முன்பு உலர்வலயத்துப் பறவையாக இருந்தது இப்போது மலைநாட்டுக்கு மேலே மேலே வருகிறது. வெலிமடைப் பக்கம் மரக்கறி செய்யும் உறுப்பினர்கள் நாற்றையெல்லாம் கிண்டிவிடுகிறது என்கிறார்கள். முருகன் வாகனத்தை விரட்டலாமா என்று மற்றப் பக்கம். வலை கட்டுவதற்குச் சங்கம் உதவலாம் என்பது என் கருத்து. சபை முடிவு செய்யட்டும்.

இரவில் அலறும் பேய்ப் பறவை என்று சனம் பயப்படும் உலமாவைப் பற்றிப் பாடசாலையில் பேசினோம். அந்தக் குரல் பெரும்பாலும் காட்டுக் கொம்பன் ஆந்தையுடையது என்கிறார்கள். ஆந்தைக்குக் கல்லெறிவது குறைந்ததாக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பயம் குறைந்ததா தெரியவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். கடைசியாக, சங்கத்தின் பைனாக்குலர்கள் எல்லாம் இன்னும் திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர்கள் புதிய நிர்வாகத் தெரிவு தொடங்குமுன் பொருளாளரிடம் ஒப்படைத்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்