வீமனின் தழும்பும் நீங்கள் எழுதித் தராத காரணமும்

மதிப்பிற்குரிய கண்காட்சிக் குழுவினருக்கும், டெரியர் பிரிவுக்கு நடுவராக இருந்த ஐயா அவர்களுக்கும்,

வணக்கம். கடந்த மாதம் கொழும்பில் நீங்கள் நடத்திய கண்காட்சியில், ஜக் ரசல் டெரியர் கடுவன்களின் வகுப்பில் நான்காவதாக நிறுத்தப்பட்ட நாய் எங்கள் வீமன். அந்த வகுப்பில் நின்றவை நான்கே நாய்கள். என் மகன் அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் பதில் வராததால் இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன். பரிசை மாற்றித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. வீமன் எதனால் கடைசியானான் என்ற காரணத்தை எழுத்தில் தாருங்கள்.

வீமனுக்கு மூன்று வயது. கண்டியிலுள்ள வளர்ப்பாளர் ஒருவரிடம் வம்சாவளிப் பத்திரத்தோடு வாங்கிய குட்டி. தோள் உயரம் 28 சென்ரிமீற்றர், நிறை 5.6 கிலோ. ஐந்து சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரு கிலோ என்பது இந்த இனத்தின் கணக்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் மகனுக்கு 19 வயது. இந்த இனத்து நாய் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் தரவரையறையை அகராதியோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தான். பழைய பாடசாலை வாங்கு ஒன்றை வாங்கிவந்து நெல்லுக் காயவிடும் களத்தில் போட்டு, ஆறு மாதம் நாள்தோறும் மாலையில் வீமனை அதன்மேல் ஏற்றி நிற்கப் பழக்கினான். பல்லைக் காட்டப் பழக்கினான். வேற்றாள் தொட்டால் அசையாமல் நிற்க வேண்டும் என்பதற்காக, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரையும், தபால்காரரைக்கூட, வீமனின் மார்பை இரண்டு கைகளாலும் வளைத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னான். முன்னங்கால்களுக்குப் பின்னால் சாதாரண மனிதக் கைகள் இரண்டுக்குள் அடங்கும் மார்புதான் இந்த நாய்க்கு உரியது. சுற்றளவு 40 முதல் 43 சென்ரிமீற்றர். வீமனுக்கு 41. வட்டக்கச்சியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அந்த எண் தெரியும்.

பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். அதனால் வான் பிடித்தோம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு இரவு முழுவதும் ஓடினோம். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். விடியற்காலையில் மைதானத்தின் வாசலில் இறங்கி, வீமனின் காலைத் துடைத்து, ஒன்பது மணிவரை காத்திருந்தோம். வானுக்குக் கொடுத்த காசு எங்கள் சிறுபோக நெல்லில் பல மூட்டை. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை, விரும்பித்தான் கொடுத்தோம்.

வருத்தம், நடுவர் நாயை ஏற்றிப் பார்க்கும் மேசையில் தொடங்கியது. நான் கயிற்றுக்கு இப்பால் நின்று பார்த்தேன். என் மருமகன் கைத்தொலைபேசியில் எடுத்த காணொளியைப் பிறகு பலமுறை போட்டும் பார்த்தேன். நடுவர் ஐயா வீமனின் உதட்டைத் தூக்கிப் பற்களைப் பார்த்தார். பிறகு அவருடைய விரல் மூக்குக்கு வலப்புறம் இருக்கும் தழும்பில் போய் நின்றது. ஆங்கிலத்தில் கேட்டார், சண்டை பிடிக்கிற நாயா என்று. கேள்வி மகனுக்கு விளங்கியது. பதிலும் அவனிடம் இருந்தது. அந்த வேகத்தில் அந்த மொழியில் அது வாய்க்கு வரவில்லை. “இல்லை ஐயா, எலி” என்பதற்கு மேல் அவனால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நின்ற உதவியாளர் சிரித்தார். நடுவர் தலையசைத்துவிட்டு அடுத்த நாய்க்குப் போய்விட்டார். மேசையில் வீமன் நின்றது இருபது செக்கன். அவனுடைய மார்பை யாரும் வளைத்துப் பிடித்துப் பார்க்கவில்லை. மற்ற மூன்று நாய்களின் மார்பையும் பார்க்கவில்லை. ஆறு மாதம் ஊரே பிடித்துப் பார்த்த மார்பு ஐயா அது.

அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று மகனால் சொல்ல முடியாமல் போனதை நான் சொல்கிறேன். எங்கள் வயல் வரம்புகளில் அகிளான் என்ற பெரிய எலி வளை தோண்டும். இரவில் ஒரு வளை விழுந்தால் காலையில் பாத்தித் தண்ணீர் அயல் வயலில் நிற்கும். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் முழுதாகக் கிடைப்பதில்லை, ஆகையால் வரம்பு உடைவது எங்களுக்குச் சின்ன விடயம் அல்ல. எலியால் வருவது தண்ணீர்ச் சேதம் மட்டும் என்றும் எண்ண வேண்டாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பலிகொண்டபோது, சேற்றில் கால் வைத்து நிற்கும் நாங்கள் எல்லோரும் பயந்துதான் இருந்தோம். வீமனுக்கு அதற்கான தடுப்பூசி போட்டிருக்கிறோம். அவன் வளைக்குள் தலையைவிட்டு, பிறகு தோளைவிட்டு, பிறகு வால் மட்டும் வெளியே தெரிய உள்ளே போவான். மகன் மண்வெட்டியோடு மறுவாயில் நிற்பான். போன காலபோகத்தில் ஒரு பெரிய அகிளான் உள்ளிருந்து வீமனின் மூக்கைப் பிடித்துவிட்டது. அப்படியிருந்தும் அவன் அதை விடாமல் இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். மிருக வைத்தியர் மூன்று தையல் போட்டார்.

டெரியர் என்ற பெயரே நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மண்ணுக்குள் போகும் நாய் என்பதால்தான் மார்பு சிறுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். இந்த இனத்துக்குப் பெயர் தந்த ஜோன் ரசல் என்ற ஆங்கிலப் பாதிரியார், 1819இல் ஒக்ஸ்போர்டில் ஒரு பால்காரரிடம் டிரம்ப் என்ற பெட்டை நாயை வாங்கி, அதிலிருந்து தன் நாய்களைப் பெருக்கினார். அவர் தேடியது நரியின் வளைக்குள் போய் அதை வெளியே துரத்தும் நாயை. பிற்காலத்தில் அவரே கண்காட்சிகளில் நடுவராக இருந்தார். தன்னுடைய வேலை நாய்களை அவர் போட்டிக்குக் கொண்டுபோகவில்லை. அது ஏன் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. வீமனின் நெருங்கிய உறவான பார்சன் ரசல் டெரியருக்கு, நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்கக் கெனல் கிளப் வைத்திருக்கும் தரவரையறையில், வேலையாலோ விபத்தாலோ வந்த பழைய தழும்பு, நடையையும் வேலைத்திறனையும் இனவிருத்தியையும் பாதிக்காதவரை, நாயின் வாய்ப்பைக் கெடுக்கக்கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நீங்கள் பின்பற்றும் விதி வேறாக இருக்கலாம். அப்படியானால் அந்த விதியைக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். தழும்பைத் தொட்டு ‘இது எப்படி வந்தது’ என்று கேட்கப்படும் கேள்வி வன்னியில் எங்களுக்குப் புதிது அல்ல. சோதனைச் சாவடிகளில் சட்டையைக் கழற்றச் சொல்லி அதைக் கேட்டிருக்கிறார்கள். என் தம்பிக்குச் சைக்கிளால் விழுந்து முழங்கையில் வந்த தழும்பு. அதை விளக்க அவனுக்கு ஒரு பகல் தேவைப்பட்டது. விளக்கத் தெரிந்த மொழி வேறு, கேட்டவரின் மொழி வேறு. நடுவர் ஐயா அந்த எண்ணத்தோடு கேட்டார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பழி. ஆனால் கயிற்றுக்கு இப்பால் நின்ற எனக்கு நெஞ்சு அடைத்தது. என் பிள்ளை பதில் தெரிந்தும் வாயடைத்து நின்றதை நான் பார்த்தேன்.

உங்கள் நுழைவுப் படிவம் ஆங்கிலத்தில். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில். ஒலிபெருக்கியில் ஆங்கிலமும் சிங்களமும். நாய்க்கு எண் வாங்கும் வரிசையில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டவர், கிளிநொச்சி என்றதும், அங்கேயும் சாதி நாய் இருக்கிறதா என்று வியந்தார். இருக்கிறது ஐயா. 2009இல் நாங்கள் வீட்டைவிட்டு நடந்தபோது, கட்டியிருந்த நாயின் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, பானையில் இருந்த சோற்றை எல்லாம் அதற்குப் போட்டுவிட்டுத்தான் போனோம். பிறகு இந்த மண்ணில் கண்ணிவெடி தேடிய நாய்களின் பின்னால் நடந்து வந்துதான் எங்கள் வயல்களுக்குத் திரும்பினோம். நாயின் அருமையை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது சிறிய விடயம்.

நடுவரின் முடிவே இறுதியானது என்று அன்று மகனிடம் சொன்னீர்கள். ஏற்றுக்கொள்கிறோம். வென்றது அழகான நாய், அதன் நடையில் நானும் குறை காணவில்லை. வீமன் அன்று ஒலிபெருக்கிச் சத்தத்தில் மிரண்டு வாலைத் தாழ்த்தியிருந்தான், அதையும் மறைக்கவில்லை. வால்தான் காரணம் என்றால் வால் என்று எழுதுங்கள். முன்னங்கால் என்றால் முன்னங்கால் என்று எழுதுங்கள். தழும்புதான் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் நடுவர்கள் ஒவ்வொரு நாய்க்கும் நாலு வரி எழுதி உரிமையாளர் கையில் கொடுக்கிறார்கள். அந்த நாலு வரியை இங்கேயும் கொடுங்கள், தமிழில் கேட்பவர்களுக்குத் தமிழில் கொடுங்கள். டெரியர் வகுப்புக்கு வரும் நடுவர் ஒவ்வொரு நாயின் மார்பையும் கைகளால் வளைத்துப் பார்க்க வேண்டும் என்று உறுதிசெய்யுங்கள். முடியுமானால், ஆண்டுக்கு ஒரு தடவையாவது வவுனியாவரை வந்து ஒரு பயிற்சி வளையம் நடத்துங்கள். மேசையும் பந்தலும் நாங்கள் போடுவோம்.

அந்த வாங்கு ஒரு மாதமாகக் களத்தின் மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது. மாலையானதும் வீமன் அதனருகில் போய் நிற்கிறான். மகன் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. அடுத்த கண்காட்சிக்கு விண்ணப்பிக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்கு முன் உங்கள் பதில் வந்தால், அது எந்தக் காரணமாக இருந்தாலும், அவனுக்கு வாசித்துக் காட்டுவேன். தயவுசெய்து காரணத்தை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
வீமனை வளர்க்கும் வீட்டின் தாய்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி