பாலியல் சிகிச்சையாளர் பட்டியல் வெளியிடும் தொழில்முறைச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பாலுறவுச் சிக்கலோடு வருகிறவர்களை உங்கள் உறுப்பினர்களிடம் அனுப்பிவைக்கும் ஆலோசகர்கள் நாங்கள். நீங்கள் புதுப்பித்து வெளியிட்ட உறுப்பினர் பட்டியலைப் பார்த்த பிறகு, இனியும் பேசாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியதால் எழுதுகிறோம். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு படம், நான்கு வரி அறிமுகம், பிறகு 'மனப்பதற்றம், துக்கம், குழந்தை வளர்ப்பு, தம்பதியர் பிணக்கு, பாலியல்' என்று ஒரு வரிசை. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படித் தேர்ந்தெடுப்பார்?

எங்கள் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு உறுப்பினரின் அடிப்படைப் படிப்பும் உரிமமும் என்ன, பாலியல் சிகிச்சையில் தனியாக எவ்வளவு பயிற்சி பெற்றார், அதில் மேற்பார்வையின்கீழ் செய்தது எத்தனை மணி நேரம், எந்தெந்தச் சிக்கல்களை நேரடியாகப் பார்க்கிறார், எந்தத் துறை மருத்துவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார் என்பதைப் பெயருக்குக் கீழேயே வெளியிடுங்கள். பல நாடுகளில் 'பாலியல் சிகிச்சையாளர்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. இரண்டு நாள் பயிலரங்குக்குப் போய்வந்தவரும் அதைப் போட்டுக்கொள்ளலாம். இது உங்களுக்குத் தெரியாததல்ல. தேடுகிறவருக்குத்தான் தெரியாது.

உறவின்போது வலியால் துன்பப்படும் ஒரு பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். கணவரிடம்கூடச் சொல்லத் தயங்கியதை முதன்முதலாகத் தொலைபேசியில் ஒரு வரவேற்பாளரிடம் சொல்கிறார். 'அதெல்லாம் இங்கே பார்ப்பதில்லை' என்று பதில் வருகிறது. அடுத்த எண். மறுபடியும் முதலிலிருந்து. ஒருவழியாகச் சந்திக்க நேரம் கொடுப்பவர், அவரையும் கணவரையும் உட்காரவைத்து 'மனம்விட்டுப் பேசுங்கள்' என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறார். பேச்சு வளர்கிறது, வலி அப்படியே இருக்கிறது.

அந்த வலிக்குத் தொற்று, கருப்பை உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது, தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் வரும் வறட்சி, தோல் நோய் என்று பல காரணங்கள் இருக்கலாம். அவற்றை மகளிர் நோய் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும். அதன்பிறகும் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு சுழற்சி. வலிக்குமோ என்ற அச்சத்தில், இடுப்பின் அடிப்பகுதியில் பிறப்புறுப்பைச் சூழ்ந்திருக்கும் இடுப்புத்தளத் தசை இறுகும், இறுகுவதால் வலிக்கும், வலித்ததால் அச்சம் கூடும். இதை அவிழ்க்க இடுப்புத்தளத் தசையில் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரும் பாலியல் சிகிச்சையாளரும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும். சிகிச்சை நடக்கும் காலத்தில் உடலுறவு முயற்சியை நிறுத்திவைக்க வேண்டும். பிறப்புறுப்பை மெல்ல மெல்லத் தளரப் பழக்கும் விரிவாக்கும் கருவியை மிகச் சிறிய அளவில் தொடங்கி, போதுமான வழுவழுப்புக் களிம்போடு, அந்தப் பெண்ணே தன் கையால், தன் வேகத்தில் பயன்படுத்த வேண்டும். ஓர் அளவு முழுமையாகப் பழகிய பிறகே அடுத்ததற்குப் போகலாம். வழிகாட்டாமல் பெட்டியோடு கொடுத்தனுப்பினாலோ, பல்லைக் கடித்துக்கொள்ளச் சொன்னாலோ தசை முன்னைவிட இறுகும். அத்தோடு, தனக்குச் சிகிச்சையே பலிக்காது என்று அவர் முடிவுகட்டிவிடுவார். இத்தனை பொறுப்புள்ள வேலையைச் செய்யத் தெரிந்தவர் யார் என்று உங்கள் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

ஆண்களுக்கும் இதே கதிதான். விறைப்புக் குறைபாடு சில வேளைகளில் இதய நோய்க்கு முந்தைய அறிகுறி. ஆணுறுப்பின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை என்பதால் அடைப்பு அங்கே முதலில் தெரியலாம் என்பது ஒரு விளக்கம். நீரிழிவு, இரத்த அழுத்தம், மனச்சோர்வு மருந்துகள், எல்லாவற்றையும் கேட்டறிய வேண்டும். நைட்ரேட் வகை இதய மருந்து எடுப்பவர் விறைப்பு மாத்திரை போட்டால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு இறங்கலாம். முதல் சந்திப்பில் மருந்துப் பட்டியலைக் கேட்காத சிகிச்சையாளர், பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு, பாலியல் செயல்பாட்டுக் குறைபாடுகளை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துத் தனிப் பகுதியில் வைத்திருக்கிறது. உடலையும் மனத்தையும் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை வகைப்பாடே விட்டுவிட்டது. உங்கள் பட்டியல் இன்னும் விடவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'ஒரே வாரத்தில் முழு குணம்' என்று விளம்பரம் செய்பவர்கள் சிக்கலைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள்: விந்து முந்துதல், விறைப்பின்மை, ஆசைக்குறைவு. முறையாகப் படித்தவர்களோ 'நெருக்கம் சார்ந்த சவால்கள்' என்று மூடி எழுதுகிறார்கள். தவிப்பில் இருப்பவர் தன் சிக்கலின் பெயர் எழுதியிருக்கும் கதவைத்தான் தட்டுவார். அவர் பணத்தையும் நம்பிக்கையையும் இழந்தபின் அறியாமை என்று அவரையே குறைசொல்வது எங்களுக்குப் பொறுக்கவில்லை. இந்த இடத்தில் எங்கள் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரு வேண்டுகோள். பாலியல் சிகிச்சை என்பது பேச்சும் வீட்டுப் பயிற்சியும். 1970-இல் அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் விளக்கிய தொடுகைப் பயிற்சிகூட, முதலில் பிறப்புறுப்பையும் உடலுறவையும் விலக்கி, தம்பதியர் தங்கள் தனிமையில் படிப்படியாகச் செய்வது. சிகிச்சை அறையில் யாரும் ஆடை களைய வேண்டியதில்லை. சிகிச்சையாளர் தொடவும் கூடாது. உடல் பரிசோதனை தேவையென்றால் அது மருத்துவரின் வேலை. ஒப்புதல் கேட்டு, விரும்பினால் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். இந்த விதி உங்கள் நெறிமுறை ஆவணத்தின் உள்பக்கத்தில் கிடந்து பயனில்லை. பட்டியலின் தலைப்பிலேயே, மீறினால் எங்கே புகார் கொடுப்பது என்பதோடு சேர்த்து அச்சிடுங்கள்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறோம்: தகுதி, பயிற்சி, கையாளும் சிக்கல்கள், கூட்டுப்பணி செய்யும் மருத்துவத் துறைகள். இந்த நான்கையும் அடுத்த உறுப்பினர் புதுப்பிப்புப் படிவத்தில் கட்டாயமாக்குங்கள். நிரப்பாதவர்களின் பெயருக்குப் பக்கத்திலிருந்து 'பாலியல்' என்ற சொல்லை நீக்கிவிடுங்கள். புதியவர்களை இப்போது ஏற்கிறாரா என்பதையும் மாதம் ஒருமுறை திருத்துங்கள். படிவத்தின் வரைவை எழுதித்தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். எப்போது அனுப்பலாம் என்று தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலை நம்பி ஆட்களை அனுப்பும் ஆலோசகர்கள்